முதலில் எனக்குச் சொல்லியிருக்க வேண்டாமா?

உங்களுக்கு இன்று ஒருவரை அறிமுகம் செய்து வைக்கிறேன். இவர் எல்லா ஊரிலும் உண்டு என்றாலும், எங்கள் நாஞ்சில் நாட்டுத் தண்ணீருக்குக் கொஞ்சம் செழிப்பாகவே வளர்வார். மீசை வைத்தும் இருப்பார், மழித்தும் இருப்பார். மூன்று விரலால் திருநீறு பூசுவார், ஞாயிற்றுக்கிழமை வெள்ளை வேட்டியில் சபைக்கும் போவார். ஓய்வுபெற்ற தாசில்தாராகவும் இருப்பார், ஒன்றுமே செய்யாமல் ஓய்வுபெற்றவராகவும் இருப்பார். ஆனால் நல்லதோ கெட்டதோ, நீங்கள் எதைப் போய்ச் சொன்னாலும் அவர் வாயிலிருந்து முதலில் வருவது ஒரே வாசகம்தான்: "இத எனக்கு முதல்லயே ஒரு வார்த்தை சொல்லப்பிடாதா?" இவருக்கு நான் வைத்திருக்கும் பெயர் முதற்செய்தியார்.

முதற்செய்தியாருக்குச் செய்தி முக்கியமில்லை. அது எத்தனையாவதாகத் தன்னிடம் வந்தது என்பதுதான் முக்கியம். பக்கத்து வீட்டுக்குள் பாம்பு புகுந்துவிட்டது என்று ஓடிப்போய்ச் சொல்லுங்கள், பாம்பு எவ்வளவு நீளம் என்று கேட்கமாட்டார், "எப்ப பாத்தது? எனக்கு முன்னால யாருக்கெல்லாம் சொன்னிய?" என்றுதான் கேட்பார். இந்த இனத்தைச் சேர்ந்த ஒருவரின் மகன் பத்தாம் வகுப்பில் கணக்கில் தோற்றுப்போனான். தோற்றதற்காக அவர் ஒரு நாள் கோபப்பட்டார். அந்தச் செய்தி எதிர்வீட்டுக்காரனுக்குத் தன்னைவிடக் கால் மணி நேரம் முந்தித் தெரிந்ததற்காக ஒரு வருடம் கோபப்பட்டார்.

கோபம் என்றால் சத்தம் போடுவார் என்று நினைத்துவிடாதீர்கள். "ஒண்ணுமில்ல" என்பார். என்ன அண்ணாச்சி, முகம் வாடியிருக்கே? "ஒண்ணுமில்ல." உடம்புக்கு ஏதாவது? "ஒண்ணுமில்ல, சும்மா." பிறகு உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு வருவார், மொய் வைப்பார், பந்தியில் உட்காருவார், பருப்பு, சாம்பார், புளிசேரி எல்லாம் விட்டுச் சாப்பிடுவார், அடைப்பிரதமன் பாயச வாளி தன்னை நோக்கி வரும் அந்த நிமிடத்தில் இலையை மடக்கிவிட்டு எழுந்து போவார். அப்போதுதான் உங்களுக்கு விளங்கும், எங்கேயோ ஒரு பத்திரிகை முன்னே பின்னே போய்விட்டது என்று.

பத்திரிகை என்றதும் நினைவுக்கு வருகிறது. என் சகலை ஸ்ரீனிவாசன், அதாவது என் மனைவியின் தங்கையைக் கட்டியவர், தன் மகள் ரஷ்மிக்குக் கல்யாணம் வைத்தார். எங்கள் பக்கத்தில் அழைக்கப் போவதைக் கல்யாணம் விளிக்கப் போவது என்போம். விளிப்பதற்கு வரிசை உண்டு. அந்த வரிசை பூகோளத்தைப் பார்க்காது. முதல் பத்திரிகை பேச்சிப்பாறை அணைக்குப் பக்கத்தில் ரப்பர் தோட்டத்துக்குள் இருக்கும் தாய்மாமனுக்கு. இரண்டாவது அங்கிருந்து நேர் எதிர்த்திசையில் கடலோரம் இராஜாக்கமங்கலத்தில் இருக்கும் அத்தைக்கு. மூன்றாவது மறுபடி வடக்கே. அவருடைய பைக்கில் பின்னால் உட்கார்ந்து பத்திரிகைப் பையை மடியில் வைத்துக்கொண்டு நானும் போனேன். ஐந்து நாள். அந்த ஐந்து நாளும் காலையில் புறப்படும்போதும் மாலையில் திரும்பும்போதும் பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் நின்று எங்களைப் பார்த்துச் சிரித்தார், நாங்களும் சிரித்தோம், கையில் இருபத்தைந்து பத்திரிகை இருந்தும் ஒன்றை எடுத்துக் கொடுக்க முடியவில்லை. அவர் முப்பத்தேழாவது ஆள். மதில் சுவருக்கு மேலாகக் கையை நீட்டினால் தொட்டுவிடலாம். ஆறாம் நாள்தான் தொட்டோம்.

இதையெல்லாம் நான் ஏன் சொல்கிறேன்? எங்கள் கால்வாயில் கம்பியில்லாப் பெட்டி வைத்த கதையைச் சொல்லத்தான்.

பூதப்பாண்டிக்குக் கீழே தலைமடையில் தொடங்கி, தெற்கே இராஜாக்கமங்கலம் பக்கம் போய் முடியும் எங்கள் கிளைக்கால்வாயில் தண்ணீர் முறைவைத்துத்தான் வரும். அணையில் எப்போது திறப்பார்களோ, தலைமடையில் ஷட்டரை எப்போது தூக்குவார்களோ, அன்றைக்கு முறை. காலை ஆறு மணிக்குத் தூக்கினால் கடைவரம்பு, அதாவது கால்வாய்க் கடைசி வயல்களுக்குப் பத்து மணிக்குத் தண்ணீர் எட்டும். இரண்டு மணிக்கு நின்றுவிடும். அந்த நான்கு மணி நேரத்தில் மடையைத் திறந்தவனுக்கு நெல். திறக்காதவன் வயலைத் தாண்டி அது ஓடையில் விழுந்து கடலுக்குப் போகும். கடைசி மடைக்காரி ஜெயபாய். கணவர் இறந்து ஆறு வருடமாகிறது, ஒன்றரை ஏக்கரை ஒற்றை ஆளாகப் பார்க்கிறவர், ஒரு பசு வைத்திருக்கிறார். முறைக்குத் தண்ணீர் வருவதை யாராவது அவருக்குச் சொன்னால் உண்டு.

செல்போன் இல்லையா என்று கேட்பீர்கள். எங்கள் பாசனச் சங்கத்துக்கு வாட்ஸ்அப் குழுவே உண்டு. முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். தண்ணீர் திறந்த செய்தி அங்கே வந்து விழுந்த இரண்டாவது நிமிடத்தில் அதன்மேல் நாற்பது காலை வணக்கமும், முழங்கால் வலிக்கு எருக்கிலை வைத்தியமும் வந்து மூடிக்கொள்ளும். ஜெயபாயிடம் இருப்பது பொத்தான் போன். போன வருடம் "எனக்கு முறை வந்தாச்சுன்னு நெனச்சேன்" என்று ஆளாளுக்கு மடையைத் திறந்து மண்வெட்டிச் சண்டை வரை போய்விட்டது. அதனால்தான் எங்கள் பாசன விவசாயிகள் சங்கம் பெமிலாவிடம் போய் நின்றது.

பெமிலா பக்கத்துப் பொறியியல் கல்லூரி ஒன்றில் ஆசிரியை. கம்பியில்லாமல் பெட்டிக்குப் பெட்டி பேசிக்கொள்ளும் வித்தையில் பட்டம் வாங்கியவர். கால்வாய் நெடுக உயரமான இடமாகப் பார்த்துப் பெட்டிகளை வைத்தார். ஒன்று தலைமடையில், ஒன்று குடிநீர்த் தொட்டியில், ஒன்று அரிசி ஆலைக் கூரையில், இப்படிப் போய்க் கடைசி ஒன்று ஜெயபாயின் பசுத்தொழுவத்து மேல். ஒவ்வொரு பெட்டிக்கும் சூரியத் தகடு, ஒரு சின்ன நீல விளக்கு, ஒரு ஹாரன். சிம் கார்டு கிடையாது.

"ஒரு பெட்டி பேசினா மூணு நாலு கிலோமீட்டருக்குத்தான் கேக்கும் அங்கிள்," என்று எங்களுக்கு விளக்கினார். "அதனால பக்கத்துப் பெட்டிட்ட சொல்லும். அது அதுக்குப் பக்கத்துல சொல்லும். எந்த வழியா போனா சீக்கிரம் போய்ச் சேரும்னு அதுகளே விசாரிச்சு வச்சுக்கிடும். வழியில ஒண்ணு கெட்டுப்போனா வேற வழி பாத்துக்கிடும்."

சோதனை நடந்தது. தலைமடையில் ஷட்டர் பார்க்கும் சுடலையாண்டி பொத்தானை அழுத்தினார். பெட்டிக்குப் பெட்டி ஐந்தே தாவல். பதினோரு நொடியில் ஜெயபாயின் தொழுவத்தில் ஹாரன் அலறியது. பசு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது என்று அங்கே பார்த்துச் சொல்ல நிறுத்தியிருந்த சுதன் போனில் சொன்னபோது நாங்கள் எல்லோரும் கை தட்டினோம்.

ஒருவர் மட்டும் தட்டவில்லை. சங்கத் தலைவர் தாணுமாலயன் அண்ணாச்சி. எங்கள் கால்வாயின் தலையாய முதற்செய்தியார்.

"நல்லது, சந்தோசம்," என்றார். "ஒரு சின்ன சந்தேகமாக்கும். இதுல எனக்கு எப்ப தெரிஞ்சுது?"

"உங்க வீடு அந்த வழியில வராது அங்கிள். சுத்திப் போனா நேரம் கூடும்."

"அப்ப ஜெயபாய்க்க தொழுவத்துக்கு முதல்ல தெரிஞ்சிருக்கு."

"ஆமா."

"தொழுவத்துல யாரு உண்டு?"

பெமிலா யோசித்தார். "பசு."

"பசுவுக்குத் தெரிஞ்ச பெறவு சங்கத் தலைவனுக்குத் தெரியணும். கொள்ளாம்," என்றார் அண்ணாச்சி. "ஒண்ணுமில்ல. சும்மா கேட்டேன்."

எங்களுக்குப் புரிந்துவிட்டது. பிரதமன் வாளி வருகிறது, இலை மடங்கப்போகிறது.

அவசரக் கூட்டம் போட்டோம். செயலாளர் ஜான்ரோஸ் சார், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், சபைக் கமிட்டியில் இருபது வருடம் இருந்தவர், அண்ணாச்சிக்கும் அவருக்கும் எந்த விஷயத்திலும் ஒத்துப்போகாது. இந்த விஷயத்தில் ஒத்துப்போனது. பெட்டிக்கு அறிவு இருக்கலாம், ஆனால் மட்டு மரியாதை தெரியவில்லை என்றார். சங்கத்து முக்கியஸ்தர்கள் அவரவர் வீட்டு மாடியில் ஒரு பெட்டி வைக்க வேண்டும். செய்தி முறைப்படி முதலில் தலைவருக்கு, பிறகு செயலாளருக்கு, பிறகு மற்றவர்களுக்கு என்று வரிசையாக வர வேண்டும். வந்ததும் 'தெரிந்துகொண்டேன்' என்று ஒரு பச்சைப் பொத்தானை அவர்கள் அழுத்த வேண்டும். அழுத்திய பிறகே அடுத்தவருக்குப் போக வேண்டும். எல்லோரும் தெரிந்துகொண்ட பிறகு கடைசி மடையில் ஹாரன். ஹாரன் ஊதாமல் மடையைத் திறந்தால் அந்தப் பூவுக்கு மீதி முறை கிடையாது. பூ என்றால் எங்களுக்கு ஒரு போகம்.

வரிசையில் பதின்மூன்று பேர் சேர்ந்தார்கள். ஐந்தாவது ஆள் ரெனிஷ். அவர் துபாயில் இருக்கிறார். துபாயில் இருந்தால் என்ன, ஆறு ஏக்கர் இங்கே இருக்கிறது அல்லவா? அவர் சார்பில் மனைவி லீமா பொத்தானை அழுத்தலாம், ஆனால் அவருக்கு வீடியோவில் சொல்லிவிட்டுத்தான் அழுத்த வேண்டும் என்று தீர்மானத்திலேயே எழுதிக்கொண்டோம்.

பெமிலா வெள்ளைத் தாளில் கோடு போட்டுப் பார்த்தார். தலைமடையிலிருந்து நடுவிலிருக்கும் தலைவர் வீடு. அங்கிருந்து கடைவரம்புக்கும் அப்பால் தென்னந்தோப்புக்குள் இருக்கும் செயலாளர் வீடு. மூன்றாமவர் மறுபடி தலைமடைக்குப் பக்கம். நான்காமவர் தெற்கே. அந்தத் தாளைப் பார்த்ததும் எனக்கு ரஷ்மியின் கல்யாணம்தான் நினைவுக்கு வந்தது, பின்சீட்டில் உட்கார்ந்த இடமே வலித்தது.

"அஞ்சு தாவல்ல முடியறது முப்பத்தொண்ணு ஆகுது," என்றார் பெமிலா. "ஒரு பெட்டி நூறு தடவ சொன்னா தொண்ணூத்தஞ்சு தடவதான் அடுத்ததுக்குச் செரியா கேக்கும். அஞ்சு பெட்டின்னா நூத்துல எழுபத்தேழு ஒரே மூச்சுல போய்ச் சேரும். முப்பத்தொண்ணுன்னா இருபதுதான் சேரும். மீதியத் திரும்பத் திரும்பச் சொல்லணும். பேட்டரி தீந்துரும். பின்ன, செயலாளர் சாருக்க வீட்டுக்குப் போற வழியே ஜெயபாய் அக்காவுக்க தொழுவம்தான். அந்தப் பெட்டிக்கு விசயம் ரெண்டாவது ஆளுக்குப் போறப்பவே தெரிஞ்சிரும். தெரிஞ்சும் ஹாரன் ஊதப்பிடாதுன்னு சொல்லுதீங்க."

"தெரியும்கதுக்காகச் சொல்லிர முடியுமா மோளே?" என்றார் ஜான்ரோஸ் சார், அன்பாக. "எத்தனையோ விசயம் எனக்குத் தெரியும். சொல்லுதனா?"

இதற்கு எந்தப் பொறியியல் கல்லூரியிலும் பதில் சொல்லிக்கொடுப்பதில்லை.

நீங்கள் கேட்கலாம், இவ்வளவு கேலி பேசுகிறாயே, அந்தக் கூட்டத்தில் நீ என்ன செய்தாய் என்று. நானா? நான் பின்வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்து உள்ளுக்குள் சிரித்துக்கொண்டிருந்தேன். அப்போது வரிசையைப் படித்தார்கள். எட்டாவது ஸ்ரீனிவாசன். ஒன்பதாவது நான். சிரிப்பு நின்றுவிட்டது. எழுந்தேன். "எனக்கு இதுல ஒண்ணும் கெடையாது. ஒரு முறைக்காகச் சொல்லுதேன். மூத்தவளக் கெட்டுனவன் நான். இளையவளக் கெட்டுனவருக்குத் தெரிஞ்ச பெறவு எனக்குத் தெரியும்னா, நாளைக்கு வீட்டுல என்ன சொல்லுவாவ?" கால் மணி நேரம் விவாதம் நடந்தது. நான் எட்டாவது ஆனேன். பெமிலா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கும்பப்பூ நடவு முடிந்து பயிர் உள்ளுக்குள் கதிர்ப்பொதி கட்டும் சமயம். பதினைந்து நாளாக மழை இல்லை. ஜெயபாயின் வயலில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு விட்டிருந்தது. அந்த நேரத்தில் முறை வந்தது.

காலை ஆறு மணிக்குச் சுடலையாண்டி அழுத்தினார். தாணுமாலயன் அண்ணாச்சி பூஜை முடித்து, காப்பி குடித்து, பெட்டி முன்னால் வந்து நின்று, செய்தியை வாய்விட்டு ஒரு முறை படித்து, ஆறே முக்காலுக்கு 'தெரிந்துகொண்டேன்' என்றார். ஜான்ரோஸ் சார் குடும்ப ஜெபத்தில் இருந்தார், ஏழரை. மூன்றாமவர் நடைப்பயிற்சி. நான்காமவர் வீட்டில் பொத்தானைச் சமையல்காரி துடைக்கும்போது தெரியாமல் அழுத்திவிட்டார், அது செல்லாது என்று நான்காமவரே சங்கத்துக்கு எழுதிக் கொடுத்தார், ஆனால் செய்தி போய்விட்டது. இப்படி ஒரு நன்மையும் நடந்தது. ஐந்தாவது துபாய். லீமா வீடியோவில் கூப்பிட்டபோது ரெனிஷ் குளித்துக்கொண்டிருந்தார், பிறகு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார், பிறகு மீட்டிங்கில் இருந்தார். பதினோரு மணிக்கு, "நீ என்னட்ட சொன்னியா? செரி, அமுக்கு" என்றார்.

என் வீடு கால்வாய்க் கரையில்தான். எட்டரை மணிக்கே தண்ணீர் என் கண்ணெதிரே சலசலவென்று தெற்கே போனது. ஒரு பிளாஸ்டிக் குடம் மிதந்து போனதுகூட நினைவிருக்கிறது. என் மனைவி வடிவாம்பாள் கரையில் துணி அலசிக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்த்தாள்.

"தண்ணி போவுதே. ஜெயபாய்க்கு ஒரு போன் போடப்பிடாதா?"

"எனக்கே இன்னும் முறைப்படி சொல்லல்ல. நான் எப்பிடி அவளுக்குச் சொல்ல?"

"கண்ணால பாத்தாச்சுல்லா?"

"பாத்தது வேற. சொன்னது வேற."

அவள் என் சட்டையைக் கல்லில் ஓங்கி அடித்தாள். நான் மாடிக்குப் போய்ப் பெட்டியின் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

அங்கே ஜெயபாய் தொழுவத்தில், பெட்டிக்கு நேர் கீழே, கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். வயல் மடை அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர். ஹாரன் ஊதிய உடனே ஓடலாம் என்று மண்வெட்டியை மடியில் வைத்திருந்தார். தலைக்கு மேலே நீல விளக்கு மின்னியது, நின்றது, மறுபடி மின்னியது. அவருக்கு வர வேண்டிய செய்தி அவர் தலைக்கு மேலாக ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போய் வந்துகொண்டிருந்தது. அவருக்கு அது தெரியாது. பத்து மணிக்குத் தலைவருக்குப் போன் செய்திருக்கிறார்.

"அண்ணாச்சி, தண்ணி விட்டாச்சா?"

"எல்லாம் முறைப்படி வரும். பதறாத," என்றிருக்கிறார் அண்ணாச்சி. பொய் சொன்னார் என்று சொல்ல முடியாது. மூன்றேகால் மணி நேரமாக அவருக்குத் தெரியும். வரிசையில் பதினான்காவது ஆளிடம் அவர் எப்படிச் சொல்வார்?

இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு ஹாரன் ஊதியது. ஜெயபாய் ஓடினார். கால்வாயில் கணுக்கால் நனையச் சேறும், ஒரு பிளாஸ்டிக் குடமும் இருந்தன.

இதைக் கேள்விப்பட்டபோது எனக்கு வெட்கமாக இருந்தது. மறைத்து என்ன பயன், மிகவும் வெட்கமாக இருந்தது. ஆனால் வடிவாம்பாளிடம், "சிஸ்டத்துல ஏதோ கோளாறு" என்றேன். பொய்யில்லை. அந்தச் சிஸ்டத்தில் எட்டாவதாக இருந்தது நான்.

அடுத்த முறை எட்டு நாள் கழித்து வந்தது. கதிர் வெளியே தலைகாட்டும் நேரம். அந்த முறையும் தப்பினால் வெறும் பதர்தான் அறுக்கலாம். ஜெயபாய் இம்முறை தொழுவத்தில் உட்காரவில்லை. விடிந்ததும் மண்வெட்டியோடு மடைக்கே போய்விட்டார். பத்தே காலுக்குத் தண்ணீர் வந்தது. ஹாரன் வரவில்லை, அந்த நேரத்தில் செய்தி துபாயில் இருந்தது. அவர் கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாராம். மடையைத் திறந்தால் மீதி முறை போய்விடும். திறக்காவிட்டால் பயிரே போய்விடும். பிறகு மடையைத் திறந்துவிட்டார்.

மறுநாளே கூட்டம். ஜெயபாய் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு முன்னால் நின்றார். ஜான்ரோஸ் சார் தீர்மானப் புத்தகத்தைத் திறந்து, கண்ணாடியை மாட்டி, பள்ளிக்கூடத்துக் குரலில் கேட்டார்.

"ஹாரன் ஊதிச்சா?"

"இல்ல சாரே."

"பின்ன யாரு சொல்லி மடையத் தொறந்த?"

"தண்ணிதான் சொல்லிச்சு," என்றார் ஜெயபாய். "அதுவே நேர்ல வந்து எனக்க முன்னால நின்னுச்சு சாரே. பின்ன வேற யாரு வந்து சொல்லணும்?"

நான் தரையைப் பார்த்தேன். எல்லோரும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். தாணுமாலயன் அண்ணாச்சிதான் முதலில் தலையை நிமிர்த்தினார்.

"தண்ணி உனக்குச் சொன்னப்ப மணி என்ன?"

"பத்தே கால் இருக்கும்."

அண்ணாச்சி தன் சின்ன டைரியை எடுத்துப் பார்த்தார். முகத்தில் நிம்மதி பரவியது. "எனக்குப் பெட்டி சொன்னது ஆறு முப்பத்தெட்டு. அப்ப எனக்குத்தான் முந்தித் தெரிஞ்சிருக்கு."

ஆனாலும் விதி விதிதான் என்றார் ஜான்ரோஸ் சார். அறுவடைக்கு முன்னால் இன்னும் ஒரு முறை மிச்சம். அது ஜெயபாய்க்குக் கிடையாது என்று எழுதப் பேனாவைத் திறந்தார். அப்போது பின்னாலிருந்து பெமிலா எழுந்தார்.

"சார், அத அடுத்த கூட்டத்துக்கு வைங்க. பெட்டியில ஒரு சின்ன மாற்றம் பண்ணணும். மரியாதை விசயமாட்டு."

மரியாதை என்றதும் பேனா மூடிக்கொண்டது.

அடுத்த வாரம் பெமிலா வீடு வீடாக வந்தார், வரிசைப்படி. பெட்டியில் எதையோ செருகினார், எடுத்தார். போய்விட்டார். அதன் பிறகு வந்த சோதனைச் செய்தியில் என் பெட்டியின் சின்னத் திரையில் ஒரு வரி புதிதாக ஓடியது: "தண்ணீர் திறக்கப்பட்டது. இச்செய்தி முதன்முதலாகத் தங்களுக்கே தெரிவிக்கப்படுகிறது."

எனக்கா? முதன்முதலாகவா? வரிசையில் எட்டாவதாக இருந்த எனக்கு? என் உழைப்பும் பொறுமையும் கடைசியில் யாரோ ஒருவர் கண்ணில் பட்டிருக்கிறது என்று நினைத்தேன். வடிவாம்பாளைக் கூப்பிட்டுக் காட்டினேன். படித்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அன்று பூராவும் நான் யாரிடமும் எதற்கும் சிடுசிடுக்கவில்லை.

அடுத்த கூட்டம் மாதிரி ஒரு கூட்டத்தை எங்கள் சங்கம் கண்டதில்லை. பதின்மூன்று பேரும், ரெனிஷ் மட்டும் லீமாவின் கைபேசித் திரையில், பதின்மூன்று மாப்பிள்ளைகள் மாதிரி வந்து உட்கார்ந்தார்கள். ஒவ்வொருவர் முகத்திலும் ஒரு ரகசியம். மற்ற பன்னிரண்டு பேரையும் பார்த்து ஒரு இரக்கம். ஜெயபாயின் விஷயம் வந்தபோது தாணுமாலயன் அண்ணாச்சி கையை அசைத்தார். "சின்ன விசயம், விடுங்க ஓய். பாவம், அவ என்ன செய்வா?" ஜான்ரோஸ் சார், "மன்னிக்கதுதான் அழகு" என்றார். பச்சைப் பொத்தானும் வரிசையும் இனி தேவையா என்று பெமிலா கேட்டார். "எனக்கு வேண்டாம்பா," என்றார் அண்ணாச்சி. எனக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம் என்று பதின்மூன்று குரல் வந்தது. தனக்குத்தான் முதலில் தெரியும் என்றான பிறகு மற்றவர்களை வரிசையில் நிறுத்துவது அநாகரிகமல்லவா?

மிச்சமிருந்த கடைசி முறைக்குச் சுடலையாண்டி ஷட்டரைத் தூக்கியபோது ஜெயபாயின் தொழுவத்தில் பதினோரு நொடியில் ஹாரன் ஊதியது. அவர் நிதானமாகப் பசுவைக் கறந்துவிட்டு, சாயா குடித்துவிட்டு, மடைக்கு நடந்து போனார். ஒன்றரை ஏக்கரும் விளைந்தது. நான் போய்ப் பார்த்தேன். கதிர் தரையைத் தொட்டுக் கிடந்தது.

திரும்பும் வழியில் சகலை வீட்டுக்குப் போனேன். அவர் மாடியில் பெட்டி இருந்தது. திரையைப் பார்த்தேன். "இச்செய்தி முதன்முதலாகத் தங்களுக்கே…"

நேரே பெமிலாவைப் போய்ப் பிடித்தேன். அவர் சிரித்துவிட்டார்.

"பதின்மூணு பெட்டியிலயும் அதேதான் அங்கிள். ஜெயபாய் அக்கா பெட்டியில மட்டும் அந்த வரி கெடையாது. அங்க 'தண்ணீர் வருகிறது, மடையைத் திறக்கவும்', அவ்வளவுதான். அவங்களுக்குத்தான் நெசமாவே முதல்ல போவுது. யாருட்டயும் சொல்லிராதீங்க. உங்களிட்டதான் முதல்ல சொல்லுதேன்."

கோபமாகப் போனவன் சந்தோஷமாகத் திரும்பினேன். பதின்மூன்று பேரில் இந்த உண்மை தெரிந்த முதல் ஆள் நான்! வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்தி வடிவாம்பாளிடம் சொன்னேன். அவள் வெண்டைக்காய் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"அந்தப் பிள்ள பெட்டிய மாத்த வந்த அண்ணைக்கே என்னட்ட சொல்லிச்சு," என்றாள். "என்னட்டதான் முதல்ல சொல்லுகதா சொல்லிச்சு."

எனவே வாசகரே, உங்களை எச்சரிக்கிறேன். முதற்செய்தியாரை வெளியே தேடிக்கொண்டிருக்காதீர்கள். எங்கள் சங்கத்தார் யாருக்கும் இந்தப் பதின்மூன்று பெட்டி விஷயம் இன்றுவரை தெரியாது. என் சகலைக்கு நான் சொல்லவில்லை. அண்ணாச்சிக்குத் தெரிந்தால் கால்வாயே வற்றிவிடும். இந்தப் பக்கத்தை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால் வீட்டுக்கு வெளியே ஒருவரிடமும் நான் வாய் திறக்கவில்லை. நம்பிச் சொல்வதற்கு இத்தனை பேரில் தகுந்தவர் என்று எனக்குத் தோன்றியது உங்களைத்தான். முதன்முதலாக உங்களிடம்தான் சொல்கிறேன்.

இதோ, இப்போது உங்கள் முகத்தில் ஒரு சின்ன மலர்ச்சி வந்ததே, அது என்ன?